மூன்று ஊருக்கும் நடுவில்

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். முதலில் மைக் பிடித்தவள் அக்கா. இரண்டையும் நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வேன்.

வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவளை, தையல்காரர்கள் சார்பாக வட்டார வளர்ச்சிக் குழுவில் உட்கார வைத்தார்கள். எங்கள் ஊர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர், ஸ்டேஷன் ஊர் மூன்றும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பொதுத் தையல்கூடம் வரும். ஓர் ஊர் முறுக்கிக்கொண்டாலும் மூன்றுக்கும் கிடையாது.

கூடம் எங்கே என்பதில் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டைதான். எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவரான இரும்புக்கடைக்காரர் ஒருநாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே போனார். அப்போது அக்காதான் சொன்னாள், யாருக்கும் வேண்டாம், மூன்று ஊருக்கும் நடுவில் கட்டிவிடுங்கள் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். வரைபடத்தில் நடுவைக் குறித்தார்கள். அங்கே இருந்தது ஒரு கல்குவாரி. பஸ் கிடையாது. சண்டை தீர்ந்த சந்தோஷத்தில் அதை யாரும் கேட்கவில்லை, அக்கா உட்பட.

கட்டடம் என்னவோ அழகாகத்தான் வந்தது. நல்ல வெளிச்சம், வரிசையாகப் புது மிஷின்கள். வீடு வீடாகப் போய், தானே பொறுப்பு என்று சொல்லிப் பெண்களைச் சேர்த்தவள் அக்கா. கொஞ்ச நாள் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வந்தார்கள். இருட்டுகிற நேரத்தில் கல் லாரிகளுக்கு நடுவே ரோட்டோரம் நிற்க யாருக்குத்தான் மனசு வரும்? ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். மிஷின்கள் சும்மா கிடந்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று திட்ட அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அக்கா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். மச்சான் சிரிக்க வைக்கப் பார்த்தார். "கல்லு உடைக்கிற எடத்துல ஊசியக் கொண்டு வெச்ச ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்."

அவள் சிரிக்கவில்லை. ஸ்டேஷன் ஊருக்கு மாற்றச் சொல்லப் போவதாகச் சொன்னாள்.

"சொல்லிட்டு இந்தத் தெருவுல எப்படி நடப்ப?" என்றார் மச்சான்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் துணைக்குப் போனேன். நடுவில் வைக்கச் சொன்னது தன் தப்புதான் என்று அக்கா எழுந்து சொன்னாள். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு குடோன் காலியாக இருக்கிறது, மூன்று ஊர் பஸ்ஸும் அங்கே நிற்கிறது, மிஷின்களை அங்கே கொண்டுபோய்விடலாம் என்றாள்.

இரும்புக்கடைக்காரர் மெதுவாகத்தான் பேசினார். "நம்ம ஊர் ஆளுன்னு உட்கார வெச்சா, ஊரையே தூக்கிக் குடுக்கிறியேம்மா. அவங்ககிட்ட என்ன பேசி முடிச்ச?"

"தையல்காரங்களுக்காகத்தாண்ணே என்னை உட்கார வெச்சீங்க."

ஸ்டேஷன் ஊர்க்காரர்கள் வாயே திறக்கவில்லை. ஜெயித்த மாதிரி காட்டிக்கொண்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். மிஷின்களே கையைவிட்டுப் போய்விடும் என்பதால் கடைசியில் இரும்புக்கடைக்காரரும் கையெழுத்துப் போட்டார், இனி இந்தப் பெண் குழுவில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அக்கா தலையாட்டினாள்.

குடோனில் இப்போது எல்லா மிஷினும் ஓடுகிறது. அக்காவும் அங்கே தைக்கிறாள். எங்கள் தெருவில் சிலர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். குழுவில் அவள் இடத்துக்கு இரும்புக்கடைக்காரரின் மருமகன் வந்திருக்கிறார். பொத்தான் வைக்கக்கூடத் தெரியாதவர். தைக்க வருகிறவர்களின் கைக்குழந்தைகளுக்குக் குடோனில் ஓர் அறை கட்ட வேண்டும். அதை எந்த ஊர் பெயரில் கட்டுவது என்று குழுவில் இப்போது சண்டை. எழுந்து பேச அக்காவுக்கு அங்கே இடமில்லை. குழந்தைகள் மிஷின்களுக்கு அடியில் விரித்த துணியில் தூங்குகின்றன.