வேர் மேலே பார்த்த குவியல்கள்

1. பளிச்சென்று ஒரு பிளாட்

இருபத்தெட்டு வருஷம் ஊட்டியில் காட்டுச் சூழலியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என்னை அதிகம் பதறவைத்தது யானையும் இல்லை, காட்டுத்தீயும் இல்லை. சுத்தமாகக் களை எடுக்கப்பட்ட பன்னிரண்டு துண்டு நிலம்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியை மூடிவிட்டு, சோலைக்காட்டை ஒட்டிய பகுதியை அப்படியே கைவிட்டிருந்தது. அந்தத் தேயிலைக்குள் சோலை மரங்கள் தானாக முளைத்து வருமா என்பதுதான் என் ஆராய்ச்சி. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று பன்னிரண்டு பிளாட் போட்டு, சுற்றி நைலான் கயிறு கட்டி, உள்ளே முளைக்கும் கன்றுகளைத் தொடாமல் எண்ணி வந்தேன்.

உதவிக்கு இருந்தவர் மாரியாயி அக்கா. சிறுமியாகச் சிலோனிலிருந்து வந்து, அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். டேப் பிடிப்பார், கயிறு கட்டுவார். எண்ணி எழுதுவது நான். எஸ்டேட் வேலை போனதும் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மகள் பத்தாவது படித்ததால் இவர் அசையவில்லை. என்னிடம் இருந்த வேலைதான் அவரை அங்கே பிடித்து வைத்திருந்தது.

ஒரு மாதப் பயிற்சிக்கு நான் கோயம்புத்தூர் போகவேண்டி வந்தது. கிளம்பும்போது, "பிளாட்ட நல்லாப் பாத்துக்கோங்கக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

திரும்பி வந்தபோது கயிற்றுக்குள் மண் தெரிந்தது. தேயிலைத் தூர்களைத் தவிர ஒரு பச்சை இல்லை. அக்கா முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"பாருங்க சேர், ஒரு புல்லு இல்ல. ஒத்த ஆளா முடிச்சேன்."

"அறிவிருக்கா உங்களுக்கு? ஒரு வருஷ வேலை மண்ணாப் போச்சே!" என்று கத்தினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா, "வேலைய விட்டு நிப்பாட்டிருவீங்களா சேர்? மவளுக்கு இன்னும் மூணு மாசத்துல பரீட்ச" என்றார்.

2. பிளாட்டுக்கு ஒரு குமி

இரண்டு நாளில் புராஜெக்ட் தலைவர் பார்வையிட வருகிறார். ஒரு பாறையில் உட்கார்ந்தேன். 'உதவியாளரின் கவனக்குறைவால்' என்று அறிக்கையின் வரி மனதில் தயாராகிவிட்டது. அந்த ஒரு வரி போதும், அக்கா திருப்பூர் பஸ் ஏறவேண்டியதுதான்.

"பிடுங்குனத எல்லாம் எங்க போட்டீங்க?" என்று கேட்டேன்.

"கயித்துக்கு வெளியத்தான், பிளாட்டுக்கு ஒரு குமி. வேரு மேல பாக்க வச்சிருக்கேன்."

"வேர் எதுக்கு மேல?"

"எஸ்டேட்டுல கங்காணி வந்து பாப்பாருல்ல, வேரோட எடுத்தமா, தலைய மட்டும் கிள்ளுனமான்னு. வேரு தெரியலன்னா அரை நாள் சம்பளந்தான். அதோட வேரு மண்ணுல பட்டா திரும்ப முளைச்சிரும் சேர்."

எழுந்து ஓடினேன். பனிக்காலம், மழை இல்லை. பன்னிரண்டு குவியலும் அழுகாமல் காய்ந்து கிடந்தன. இருவரும் இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தோம். புல், பெரணி, உண்ணிச்செடி, சீகை, காட்டு நாவல்.

"இத எதுக்கு சேர் எண்ணுறோம்?" என்று அக்கா கேட்டார்.

ஒரு வருஷம் கூடவே நின்றவர். நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொன்னேன். ஒரு நாவல் கன்றைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இதெல்லாம் மரமா வரவேண்டியதா? மொதல்லயே சொல்லியிருந்தா தொட்டிருப்பனா சேர்?"

கண் கலங்கியிருந்தது. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

நாவல் கன்றுகளில் சிலவற்றுக்கு வேர் ஒரு சாண் நீளம், சிலவற்றுக்கு விரல்கடை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

"தேயிலத் தூருக்கு அடியில இருந்தது லேசுல வரல, இழுத்துக் கை செவந்துருச்சு. வெட்டவெளியில இருந்தது தொட்டதும் வந்துருச்சு."

பனி கருக்காமல் தேயிலைத் தூரே கன்றைக் காப்பாற்றி, வேர் ஆழமாக இறங்க விட்டிருக்கலாம். கன்றைத் தொடவே கூடாது என்று விதி போட்ட நான், வேர் வரைக்கும் யோசித்ததே இல்லை.

3. தலைவர் வந்த நாள்

தலைவர் கோயம்புத்தூர்க்காரர். கயிற்றோரம் நின்று, "ஏனுங்க, பிளாட்டு மொட்டையா இருக்குது?" என்றார்.

"தப்பு என்னுதுங்க. எதுக்குன்னு சொல்லாம, பாத்துக்கோங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டனுங்க."

"அந்தம்மாவ மாத்திப்போடலாமுங்களா?"

"வேர் சங்கதி தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தானுங்க."

குவியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்காவிடமே நாலு கேள்வி கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பியுங்க. இந்தத் தடவையாச்சும் வாயத் தொறந்து சொல்லிப்போட்டுப் போங்க" என்றார். பிடுங்கிய கன்று பிடுங்கியதுதான், ஒரு வருஷம் போனது போனதுதான். ஆனால் மாரியாயி அக்காவின் மகள் லயத்து வீட்டிலிருந்தே பரீட்சைக்குப் போனாள்.

அதன்பிறகு நான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் அக்கா கேட்பார்: "சேர், பாத்துக்கவா, சும்மா இருக்கவா?" இருவரும் சிரிப்போம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஆராய்ச்சிக்கு வருகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். கயிறு கட்டுமுன், டேப் பிடிக்கிறவரிடம் எதற்கு என்று சொல்லிவிடுங்கள். நான் சோம்பலில் விட்ட ஒரு வாக்கியத்துக்காக ஒரு வீடே மலையிறங்க இருந்தது.