மீனுக்குக் கம்மல் போட்டவள்

மீன்குஞ்சுப் பண்ணையில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. மயக்க மருந்துத் தொட்டியிலிருந்து சாண் நீளக் குஞ்சை இடது கையில் எடுப்பாள். முதுகுத் துடுப்புக்கு அடியில் ஊசித் துப்பாக்கியை வைத்து ஓர் அழுத்து. எண் போட்ட மஞ்சள் டேக் தொங்கும். நான் ஒன்றை முடிப்பதற்குள் அவள் மூன்றை நல்ல தண்ணீரில் விட்டிருப்பாள். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

பிறகு குஞ்சுகளை ஏரியில் விடுவார்கள். வளர்ந்து பிடிபடும் மீனிலிருந்து அந்த டேக் பண்ணைக்குத் திரும்பி வர வேண்டும். விட்ட குஞ்சு பிழைத்ததா, எவ்வளவு வளர்ந்தது என்பது அப்போதுதான் தெரியும். மேற்கொண்டு குஞ்சு விடலாமா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்வார்கள்.

அவளுடைய அண்ணன் படகுத்துறையில் தராசுக்காரர். ஏரி மீன் எல்லாம் அவர் தட்டில் ஏறி இறங்கித்தான் சந்தைக்குப் போகும். வாய்த்துடுக்கு அதிகம்.

"என்ன கம்மல்காரி, இன்னைக்கு எத்தனை மீனுக்குக் கம்மல் போட்ட? மாப்பிள்ளை பாத்தாச்சா?"

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உனக்குச் சொன்னா புரியாது, போ!" கடைசிவரை சொல்லவேயில்லை. துறையில் அறிவிப்புப் பலகை இருந்தது. டேக் கொடுத்தால் தொப்பி பரிசு என்ற முதல் வரியோடு அவர் படிப்பதை நிறுத்திவிட்டார். தொப்பிக்கு அலைகிற ஆளா அவர்!

ஒரு டேக்கும் வரவில்லை. விட்ட குஞ்செல்லாம் செத்துப்போகிறது என்று மேலிடத்தில் முடிவு கட்டினார்கள். தாய் மீன்களை விற்றார்கள், தொட்டிகளைக் காயப்போட்டார்கள்.

"என் கைதான் சரியில்லையோ? குத்தின இடம் சீழ் பிடிச்சு செத்திருக்குமோ?" என்று என்னிடம் மட்டும் கேட்டாள். அவ்வளவு வேகக்காரி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயிற்றெரிச்சல் எல்லாம் அன்றோடு போயிற்று.

கடைசி நாள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் வந்தார். பையிலிருந்து தூண்டில் நரம்பில் கோர்த்த மஞ்சள் மாலையை எடுத்தார். அத்தனையும் டேக்.

"என் தங்கச்சி கை பட்டதாச்சே! நீ வேலையை விட்டு வர்ற அன்னைக்குப் போடணும்னு, தராசுக்கு வந்த மீன்ல இருந்தெல்லாம் கழட்டிச் சேத்து வச்சேன்."

அதில் நான் போட்டவையும் இருந்திருக்கும். அண்ணனுக்கு எல்லாமே தங்கை கைதான்.

"மீனு... சாகலையா?" என்றாள்.

"சாகறதா? ஏரி பூரா உன் மீனுதான். ஒவ்வொண்ணும் கொழுகொழுன்னு!"

நான் கத்திவிட்டேன். "அந்த டேக் வரலைன்னுதாங்க பண்ணையையே மூடறாங்க!"

அவர் முகம் செத்துவிட்டது. மாலையோடு மேலாளர் அறைக்கு ஓடினார். மேலாளர் ஒவ்வொரு எண்ணாகத் தடவிப் பார்த்தாராம். "தாய் மீனெல்லாம் வித்தாச்சுங்களே" என்றாராம்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்லியிருக்கணும், அண்ணா." அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள். "போடு. எனக்குன்னுதானே கோர்த்த."

அவரால் முடியவில்லை. நான்தான் வாங்கிப் போட்டேன்.