கரியறை

அந்தத் தெருவில் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற பழைய மாடி வீடுகளில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பருத்தி வியாபாரி கட்டியது. பேரன்கள் காலத்தில் குடும்பம் நொடித்துப்போக, வீடு டைப்ரைட்டிங் பள்ளிக்கூடமாகி, வக்கீல் ஆபீசாகி, கடைசியில் தட்டுமுட்டுச் சாமான் போடும் கிடங்காகிவிட்டது. அந்தக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளத்தான் கல்யாணமான கையோடு பெயின்டரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

பின்பக்கம், தெரு மட்டத்திலேயே இருந்த அறை அவர்களுக்கு. முன்பு அடுப்புகளுக்கு நிலக்கரி கொட்டிவைத்த இடம். கரியைத் தள்ளிவிட உயரத்தில் வைத்த இரும்புக் கதவுதான் ஜன்னல். புதுப்பெண் சுவரைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வந்தது. பெயின்டர் சுண்ணாம்பு அடித்தார். ஒரு வாரத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தது. மறுபடி அடித்தார்.

"இந்தச் செவுரும் உன்னை மாதிரிதான். வாயத் திறக்காது, புடிச்சத விடாது" என்று சிரிப்பார்.

ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த பிறகு அவரால் படி ஏற முடியவில்லை. ஆனால் அந்த அறைக்குப் படியே கிடையாது. கோலை ஊன்றிக்கொண்டு நேராக வெளியே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். பொழுதெல்லாம் பேச்சு அங்கேதான்.

வீட்டை இடிக்கப்போவதாகப் பேச்சு வந்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிறவர்கள் பார்வையிட வந்தார்கள். அவர்களில் தலைவரான கண்ணாடிக்காரர் அவர்கள் அறைக்குள் தலையை நீட்டினார்.

"இது வேலைக்காரங்க ரூமாம்மா?"

வெளி ஆட்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் அவள். அன்று என்னவோ வாய் வந்துவிட்டது.

"இல்லிங்க சார், கரி ரூம். ஒரே கறுப்பா கெடந்துச்சு. நாங்கதான் தேச்சுத் தேச்சு இப்படி வெச்சிருக்கோம்."

அவர் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். அடியில் கறுப்பு. குழந்தை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அடடா, அப்படியே இருக்கு!"

வீடு தப்பியது. அடுத்த மாதம் கண்ணாடிக்காரர் திரும்ப வந்தார். வியாபாரி காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வீட்டை மாற்றப்போகிறார்களாம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பிற்சேர்க்கையாம்.

"இந்தச் சுண்ணாம்பும் பிற்சேர்க்கைதான்மா."

"அப்ப நாங்க?" என்றார் பெயின்டர்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு வேற வீடு பாத்திருக்கோம். நல்ல காத்து வரும். நாலாவது மாடி."

"லிஃப்ட் இருக்குங்களா?"

"லிஃப்டுக்கு எடம் விட்டிருக்காங்க."

"அப்ப அந்த லிஃப்ட் ஓட்டை வழியா கயிறு கட்டி எறக்கிடுங்க என்னை."

கண்ணாடிக்காரர் கிளம்பினார். வாசல்வரை அவள் பின்னாலேயே போனாள். "சார், அவரால..." என்று ஆரம்பித்தாள். அவர் அன்பாகத்தான் சொன்னார்: "நீங்க சொல்லலேன்னா இந்த ரூம் எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா."

பெயின்டரை நாற்காலியில் உட்காரவைத்து நான்காவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்ட அந்தப் பழைய வீட்டிலேயே அவளுக்குக் கூட்டித் துடைக்கிற வேலை கொடுத்தார்கள். கரியறையில் வெள்ளை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் சுரண்டியாயிற்று. நிலக்கரி வாங்கிக் குவித்து, கையில் ஒட்டாதபடி வார்னிஷும் பூசியிருக்கிறார்கள். அதில் தூசி படியாமல் ஈரத்துணியால் துடைப்பது அவள் வேலை.

"இன்னிக்கு நம்ம ரூம யாராவது பாத்தாங்களா?" படுக்கையில் இருந்தபடி கேட்டார் பெயின்டர்.

"ரெண்டு பேரு. எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க."

"ஊர்ல யார்கிட்டயும் பேசாதவ, பேசின ஒரு பேச்சு!" என்றார். கோபம்கூட இல்லை குரலில். "இனிமே நான் எறங்கறது ஒரே தடவைதான். நாலு பேருக்கு இப்பவே சொல்லி வை. படி குறுகல், நிமித்தித்தான் கொண்டுபோகணும்" என்றார்.

சும்மா இருங்க என்று அவள் அதட்டவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தை, ஏறும்போதெல்லாம் அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.