நாலாவது ஆள்

நான் கடையநல்லூர்க்காரி. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரும் ரூம் கூட்டாளிகள் இரண்டு பேரும் மொபைலில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். விமானத்திலிருந்து தீவில் குதித்து, கடைசிவரை தாக்குப்பிடிக்கும் அணிதான் ஜெயிக்கும். ஆடிக்கொண்டே அவரோடு பேசலாமே என்று நாலாவது ஆளாக நானும் சேர்ந்தேன்.

"ஏட்டி, நீ எங்கனயாவது ஒளிஞ்சுக்க, போதும்" என்பார்.

போன குற்றால சீசனில் ஒருநாள் மூவரும் அடுத்தடுத்து அவுட். மிச்சம் நானும் ஒரே ஒரு எதிரியும்தான். "மாடிக்கு ஓடு!" என்று மூவரும் இயர்போனில் கத்தினார்கள்.

"எல்லாரும் வாயை மூடுங்க மச்சான், காலடிச் சத்தம் கேக்கணும்!" எப்படித்தான் என் வாயில் வந்ததோ!

குக்கர் விசிலுக்கு நடுவே தொட்டில் பிள்ளை புரளுவதைக் கேட்டுப் பழகிய காது இது. தீவில் நான் ஒளிந்திருந்த வீட்டின் கதவுக்கு வலப்பக்கம் சரக்கென்றது. திரும்பிச் சுட்டேன். ஜெயித்துவிட்டோம்!

"என் பொண்டாட்டிலே!" என்று கூட்டாளிகளிடம் அவர் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது.

கல்யாணமானதிலிருந்து, பக்கத்திலிருக்கும் தென்காசிக்குப் போவதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் போவேன். அடுத்த வெள்ளிக்கிழமை விமானம் தீவுக்கு மேலே வந்ததும் அவர் என்னைக் கேட்டார்: "ஏட்டி, எங்கன குதிக்கலாம்? நீயே சொல்லு."

மேப்பில் நான் விரல் வைத்த இடத்தில் நாலு பேரும் குதித்தோம்.