மிதித்துப் பார்க்காத பிரேக்

காளிதாஸுக்குக் கை சும்மா இருக்காது. செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கூலாயில் தன் வீட்டுப் போர்ச்சில் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். பிரேக் பேட் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. "நாலு போல்ட்டுலா, இதுக்குப் போய் அங்க காத்துக் கிடக்கணுமா?" என்பார். இருபது வருஷமாகக் கட்டிக் காத்த இந்தப் பெருமைக்காகத்தான் மனுஷன் கட்டிய மனைவியையே விட்டுக்கொடுத்தார்.

போன ஆயுத பூஜையன்று நடந்தது அது. மனைவி யோகேஸ்வரியின் மைவி கார் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. அவள் மூன்று முறை தோற்று, நாற்பத்தாறு வயதில் லைசன்ஸ் எடுத்தவள். அந்தக் காரில்தான் தனியாக வேலைக்கும் கோயிலுக்கும் போய்வந்தாள். பூஜைக்குள் புதுப் பேட் போட்டுவிடலாம் என்று காளிதாஸ் காலையிலேயே இறங்கினார். பழைய பேடைக் கழற்றி, புதியது தடிமன் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளி, மாட்டி முடித்தார். இனி வண்டியை நகர்த்துமுன் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போய்விடும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

"நல்ல நேரம் முடியப் போவுது, சாமானெல்லாம் கொண்டாங்க!" என்று உள்ளேயிருந்து யோகேஸ்வரி கூப்பிட்டாள். அவர் ஸ்பேனர்களைக் கழுவித் துடைத்துச் சாமி முன்னால் பரப்பினார். விபூதி பூசிய ஆயுதத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. ஸ்பேனர் சாமியிடம் போனதும் வேலை முடிந்துவிட்டதாக அவர் புத்தியும் படுத்துவிட்டது.

யோகேஸ்வரியின் அண்ணன் தங்கராஜு சிம்பாங் ரெங்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். காருக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பட்டுப்புடவையில் யோகேஸ்வரி ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டாள். பழம் நசுங்கியது. கார் நிற்கவில்லை. திறந்த கேட்டைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு மலாய்க்காரம்மாவின் காகிதப்பூச் சட்டிகளில் மோதித்தான் நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"பிரேக் பிடிக்கலங்க! மிதிச்சேன், உள்ள போயிருச்சு!" என்று அவள் நடுங்கினாள்.

"அலமாக்! ஆக்சிலேட்டரை மிதிச்சிருப்பா," என்றார் தங்கராஜு.

காளிதாஸுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பெடலை மிதித்து இறுக்க மறந்திருந்தார். ஓடிப்போய் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். அவள் பதறிப் பதறி மிதித்ததிலேயே பெடல் இறுகியிருந்தது. "பிரேக் நல்லாத்தான் இருக்கு," என்றார். சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் கேவலம். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் கார்ச் சாவி பிரிட்ஜ் பக்கத்து ஆணியில் ஏறியது. யோகேஸ்வரி தொழிற்சாலை பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். கோயிலுக்குப் போகவும் அவர் கையை எதிர்பார்த்தாள். ஒவ்வொரு முறை அவளை ஏற்றிக்கொண்டு போகும்போதும் சொல்லிவிட நினைப்பார். வாய் வராது. "பத்திரமா ஓட்டுறீங்க," என்று அவள் சொல்லும்போது அவருக்குக் கூசிப்போகும்.

எட்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் தங்கராஜு அந்தக் கதையை மறுபடி எடுத்தார். இம்முறை யோகேஸ்வரியே முந்திக்கொண்டாள். "எனக்கு எது பிரேக்குன்னே தெரியல அண்ணே," என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அதை நம்பியே விட்டாள் என்பது அப்போதுதான் காளிதாஸுக்கு உறைத்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவள், "அந்தக் காரை வித்துடுங்க. எனக்கெதுக்கு அது?" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை அவர் ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினார். பிஸ்டனை உள்ளே தள்ளி எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, காரை இறக்கி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"ஏறி உக்காரு யோகேஸ். ஸ்டார்ட் பண்ணாத. பிரேக்கை மட்டும் மிதி."

மிதித்தாள். பெடல் தரையில் போய் முட்டியது. இரண்டாவது மிதி, மூன்றாவது மிதி. பெடல் இறுகியது.

"அன்னைக்கும் இதேதாங்க..."

"ஆமா. புதுப் பேட் போட்டா முதல்ல மிதிச்சு இறுக்கணும். அன்னைக்கு நான் மறந்துட்டேன். தப்பு என்னுது."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே."

அவள் கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் தன் வலது காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு மாசமா என் காலையே நான் நம்பலங்க," என்றாள் மெதுவாக. பிறகு கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தார்.

"ஏறுங்க. அண்ணன் வீட்டுக்குப் போறோம். இப்ப என்கிட்ட சொன்னதை அங்க எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

"போன்ல சொல்லிடறேனே..."

"சிரிச்சது நேர்லதானே?"

அவர் ஏறி பெல்ட்டைப் போட்டார். அவள் பிரேக்கை ஐந்து தடவை மிதித்துவிட்டு வண்டியை எடுத்தாள். சிம்பாங் ரெங்கம் வரை அவள் கால் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. காளிதாஸ்தான் தங்கராஜுவிடம் முதல் வார்த்தையை எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் தடுமாறிக்கொண்டு வந்தார்.