வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அண்ணை வாங்கிய வீட்டை முதலில் பார்த்தபோது, இடிக்க வேண்டிய வீட்டைத்தான் வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். ரொறன்ரோவின் வடக்கே மில்லிக்கன் பக்கம், ஒரே அச்சில் வார்த்தது போன்ற புது வீடுகளுக்கு நடுவே அது மட்டும் தெருவுக்குக் கோணலாக நின்றது. பிரித்தானியர் ஆண்ட காலத்தில் கட்டிய செங்கல் பண்ணைவீடு. கூரை ஒழுகியது. நிலவறையில் தண்ணீர் நின்றது. யன்னல்களில் பெயின்றுக்கு மேல் பெயின்றாக அடித்து எதையும் திறக்க முடியவில்லை.

"எல்லாரும் புது வீடு வாங்குகினம். இப்பிடி ஒண்டு ஆரிட்ட இருக்கு?" என்றார் அண்ணையின் மனைவி. நான் அவரை மச்சாள் என்று கூப்பிடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். முப்பது கடந்தும் கலியாணம் ஆகவில்லை. அண்ணைதான் என்னை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டெடுத்தார். வந்த மறுநாளே மச்சாள் என் கையில் ஒரு சுரண்டுதகட்டைத் தந்தார். யன்னல், கதவு, மாடிப்படிக் கைப்பிடி எல்லாவற்றிலும் பழைய பெயின்றைச் சூடாக்கிச் சுரண்டி எடுத்து, உள்ளே இருக்கும் மரத்தை வெளியே கொண்டுவருவது என் வேலை. வகுப்புக்குப் போய்ப் படிக்கலாம் என்று அண்ணை தொலைபேசியில் சொன்ன கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

படி திருத்த வந்த தச்சர் ஒருநாள் தரையில் கிடந்த தூளைப் பார்த்துவிட்டு, பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், அது நஞ்சு, பிள்ளைகளை இங்கே வைத்திருக்காதீர்கள் என்று எச்சரித்தார். அன்று பின்னேரமே மச்சாள் தன் இரண்டு பிள்ளைகளையும் மல்வேர்னில் இருந்த தாய் வீட்டுக்கு அனுப்பினார்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"உமக்கென்ன, வளர்ந்த ஆள்தானே. வாயைத் துணியால கட்டிக்கொண்டு செய்யும்."

அண்ணை பக்கத்தில்தான் நின்றார். துணி எடுத்துத் தந்தவர் அவர்தான்.

என் அறை சமையலறைக்கு மேலே இருந்தது. வீட்டின் மற்ற அறைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சமையலறையிலிருந்து ஒரு ஒடுங்கிய படி ஏறினால் அந்த அறை மட்டுந்தான். வீடு முழுக்க வெப்பக் குழாய் போட்டவர்கள் அங்கே போடவில்லை. அறைக் கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. தானியம் வைத்த அறையாக்கும், எலிக்காகப் போட்டிருப்பினம் என்றார் அண்ணை. பெயின்றுக்குள் புதைந்து கிடந்த அதை நான் கிளறி எடுத்ததும் மச்சாளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "ஒரிஜினல்! வடிவாத் துடைச்சு எண்ணெய் போடும்." துடைத்து எண்ணெய் போட்டேன். ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது.

வீட்டின் பழைய சொந்தக்காரர் யார் யார் என்று கண்டுபிடிப்பதில் மச்சாளுக்குப் பெரிய ஆர்வம். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போவார். தேவாலயத்து மயானத்தில் கல்லறைகளைப் படம் எடுப்பார். யாரோ ஒரு தாடிக்கார விவசாயியும் மனைவியும் நிற்கும் படத்தைப் பெருப்பித்து முன்கூடத்துச் சுவரில் மாட்டினார். எங்கள் அப்பா அம்மாவின் படத்தை நான் அதற்குப் பக்கத்தில் வைக்கப்போனபோது, "உது இந்த வீட்டுக்குப் பொருந்தாது" என்றார்.

கடைசியில் அந்தத் தாடிக்காரரின் பேத்தி உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார். மார்க்கம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தார்கள். வெள்ளைத் தலை, நீலச் சட்டை, நல்ல ஞாபகம். ஒவ்வொரு அறையிலும் நின்று கதை சொன்னார். சமையலறைப் படியில் ஏறித் தாழ்ப்பாளைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"இது என் அம்மா போட்டது. வேலைக்காரிக்காக."

இங்கிலாந்தில் தாய்தகப்பன் இல்லாத பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றி இங்கே பண்ணைகளுக்கு அனுப்புவார்களாம். அப்படி வந்த ஒரு சிறுமி இந்த அறையில் இருந்தாள். இரவில் இறங்கிவந்து பாண் துண்டு வெட்டி எடுத்துத் தின்பாள், அதற்காகத் தாழ்ப்பாள். ஒரு பனிக்காலம் தப்பி ஓடி, கால்விரல்கள் உறைந்து கிடந்தவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

"நன்றி என்பதே அவளுக்குத் தெரியாது" என்றார் கிழவி.

மச்சாள் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தேநீர்த் தட்டோடு படியில் நின்றேன். கிழவி உள்ளே எட்டிப் பார்த்தார். என் கட்டிலில் மச்சாள் ஒரு வெள்ளைத் துணியை விரித்து மூடியிருந்தார்.

"இப்போது இங்கே யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை. சாமான் வைக்கிற இடம்" என்றார் மச்சாள் ஆங்கிலத்தில்.

அண்ணை என் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக் கிழவியிடம் நீட்டினார்.

"அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?" என்று நான் கேட்டேன். என் ஆங்கிலம் கிழவிக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"தெரியாது. முதலில் இருந்தவளின் பெயரைச் சொல்லித்தான் பிறகு வந்த எல்லோரையும் கூப்பிடுவோம். சுலபம் அல்லவா?"

"பிறகு என்ன ஆனாள்?"

"இருமத் தொடங்கினாள். திருப்பி அனுப்பிவிட்டோம். வேறொருத்தியைத் தந்தார்கள்."

கிழவியைக் கொண்டுபோய் விட்டுவந்த பிறகு மச்சாள் என்மேல் பாய்ந்தார். "அந்த மனுசிக்கு முன்னால வாய் திறக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

நான் அண்ணையிடம் கேட்டேன். "சாமான் எண்டு சொல்லேக்க நீங்கள் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"அவ சும்மா சொன்னவ. வெள்ளைக்காரர் பிழையா நினைப்பினம் எல்லே?"

"சரியாத்தான் நினைப்பினம், அண்ணை."

அவர் எழும்பிப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டார்.

கோடையில் வீடு முடிந்தது. சொந்தபந்தம் எல்லோரையும் அழைத்து ஒரு விருந்து. மச்சாள் ஒவ்வொரு குடும்பமாகக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சிறுமியின் கதையைச் சொன்னார். அதற்குள் அதில் ஆவியும் சேர்ந்திருந்தது. கேட்டவர்கள் வாயில் கைவைத்துச் சிரித்தார்கள்.

நான் காலையிலிருந்து ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சேலை மாற்ற மேலே போனபோது, பின்னால் தாழ்ப்பாள் ஓடும் சத்தம் கேட்டது. விருந்துக்கு வந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள். "கோஸ்ட்! கோஸ்ட்!"

தட்டினேன். கூப்பிட்டேன். கீழே பாட்டுப் போட்டிருந்தார்கள். என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சமையலறையிலிருந்து ஒரு அன்ரியின் குரல் தெளிவாகக் கேட்டது. "மேல ஆரோ தட்டுற மாதிரி கிடக்கு."

"பிள்ளையள் விளையாடுதுகள். விடுங்கோ" என்றார் மச்சாள்.

கட்டிலில் உட்கார்ந்தேன். அழவில்லை. கூரைக்குக் கீழே அறை வெந்துகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து மச்சாளே வந்து திறந்தார்.

"இஞ்ச என்ன செய்யிறீர்? தேத்தண்ணி முடிஞ்சுபோச்சு, சனம் பாத்துக்கொண்டிருக்கு."

அடுத்த கிழமை மல்வேர்னில் இரண்டு பெண்கள் வாடகைக்கு இருந்த ஒரு நிலவறைக்குக் குடிபோனேன். பாண் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே போனபின் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈயம் இருந்தது. எங்கே வேலை செய்தாய் என்று வைத்தியர் கேட்டார். வேலை இல்லை, சகோதரனின் வீட்டில் இருந்தேன் என்றேன்.

கூப்பிட்டெடுத்தவனை உதறிவிட்டுப் போனவள் என்று அண்ணை எல்லோருக்கும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பனிக்காலம் தொடங்கும்போது ஒருநாள் தொலைபேசி எடுத்தார். குரலைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இந்த முன் யன்னலுக்குள்ளால காத்து வருது. ஓட்டை அடைக்க நீ குழைச்சு வைச்ச மக்கு எங்க கிடக்கு?"

"நிலவறைத் தட்டில, பழைய பேப்பருக்குப் பின்னால."

"சரி" என்று வைத்துவிட்டார்.