குடிவந்த ஊசி

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. அண்ணாமலையார் கோயில் பிரகாரத்தில் ஒருவர் என் மனைவியிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார்.

அவர் மேல் தப்பே இல்லை. நம்மாட்கள் ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருக்கும் சமயம். சரோஜா கையிலோ சிகரெட் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி. அது 'பீப்... பீப்...' என்று கத்துகிறது. அவள் காலடியில் ஈர வேட்டியோடு ஒரு ஆள் உருண்டுகொண்டிருக்கிறான்.

அந்த ஆள் நான்தான்.

எனக்குச் சர்க்கரை வியாதி என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். வருஷக்கணக்காகக் காலையில் எழுந்ததும் இன்சுலின் ஊசி. போடுகிறவள் சரோஜா. கண்ணாடி சிரிஞ்ச் வெந்நீரில் கொதித்து இறங்கினால்தான் ஸ்டவ்வில் பால் ஏறும். முந்தின நாள் எங்களுக்குள் சண்டை என்றால், ஊசி கொஞ்சம் ஜாஸ்தியாகவே மழுங்கியிருப்பதுபோல் எனக்குத் தோன்றும். குத்தியதும் ஒரு நிமிஷம் பக்கத்தில் நிற்க மாட்டாள். பால் பொங்கிவிடும் என்று அடுக்களைக்கு ஓடிவிடுவாள். நான் தொடையைத் தேய்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன்.

ஒரு கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் நிற்கிறேன். மலை உச்சியில் தீபம் தெரிந்தது. ஊரே அரோகரா சொன்னது. நான் மட்டும் அரோகராவோடு ஒரு விண்ணப்பமும் போட்டேன். "அப்பனே, காலையில் ஊசி போட்டுக்கொள்ளாமல் காபி குடிக்கிற நாளைக் கொடு. உன் பிரகாரத்தை அங்கப்பிரதட்சணமாக வருகிறேன்."

வியாதியே போய்விட வேண்டும் என்றுதான் மனசில் நினைத்தேன். ஆனால் வாய் என்ன சொன்னது? ஊசி என்றுதானே? சாமியிடம் மனு கொடுப்பதும் தாலுகா ஆபீஸில் மனு கொடுப்பதும் ஒன்றுதான். என்ன கேட்டோமோ அதுதான் சாங்ஷன் ஆகும்.

ஆயிற்று. அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினன் ஒரு மெஷின் வாங்கி அனுப்பினான். இன்சுலின் பம்ப். அதிலிருந்து மெல்லிசாக ஒரு குழாய் வரும். குழாயின் நுனியில் ஒரு ஊசி. அதை வயிற்றில் செருகி பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும். மருந்து அதுபாட்டுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கும். மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சில நாளைக்கு ஒருமுறை ஊசியை மாற்ற வேண்டும். அதையும் நானே செய்துகொள்ளலாம். நம் உடம்புக்குள் கணையம் செய்யவேண்டிய வேலையை இது வெளியே இருந்து செய்கிறது என்றார் டாக்டர்.

ஊருக்குத் திரும்பினால் வீடு நிறைய ஜனம். கீழ்பென்னாத்தூர் சம்பந்தி மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை ஹெச்.பி. என்று விசாரித்தார். அதோடு வந்த தோல் உறையை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி முன்னால் நிற்க முடியுமா? சரோஜா மஞ்சள் துணியில் ஒரு பை தைத்து, குங்குமமும் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஊசி இல்லாமல் காபி குடித்தேன். வேண்டுதல் ஞாபகம் வந்தது.

சரோஜா ஒப்புக்கொள்ளவே இல்லை.

"ஊசி எங்கங்க போச்சு? முன்னெல்லாம் காலையில வந்துட்டுப் போச்சு. இப்ப வயித்துல குடியே வந்துட்டுது. சாமி இன்னும் ஒண்ணும் செய்யல. நீங்க உருள வேணாம்."

அவளுக்குப் பயம். அங்கப்பிரதட்சணம் என்றால் குளித்த ஈரத்தோடு உருள வேண்டும். மெஷினில் தண்ணீர் பட்டால் போயிற்று. அதுதான் இப்போது என் உயிர். ஆனால் அண்ணாமலையாரிடம் சொன்ன சொல்லை எப்படி மீறுவது?

மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டேன். ஒரு மணி நேரம் வரைக்கும் கழற்றி வைக்கலாம், அதற்குமேல் கூடாது என்றார் டாக்டர். மயக்கமாக வந்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சர்க்கரை வைத்துக்கொள்ளவும் சொன்னார்.

வயிற்று ஊசியைப் பிடுங்கிவிட்டுக் குளித்தேன், அப்படித்தான் பெட்டி சரோஜா கைக்கு வந்தது. இன்னொரு கையில் கற்கண்டுப் பொட்டலம். நான் உருள உருள, "தூணுக்குப் போறீங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று லாரிக்கு ரிவர்ஸ் சொல்கிற மாதிரி வழி சொல்லிக்கொண்டே வந்தாள். மெஷினை நிறுத்தி வைத்தால் அது ஞாபகப்படுத்துவதற்குக் கத்தும். கத்தியது. ஸ்கோர் கேட்டவர் வந்தார், போனார். பின்னாலேயே ஒரு குருக்கள்.

"கோயிலுக்குள்ள ரேடியோவெல்லாம் கொண்டு வரப்படாதும்மா. அணைச்சுடுங்கோ."

"ரேடியோ இல்ல சாமி. இது எங்க வீட்டுக்காரரு கணையம்."

குருக்கள் பெட்டியைப் பார்த்தார். தரையில் கிடந்த என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் விபூதி பூசினார் - எனக்கும், பெட்டிக்கும்.

ஒருவழியாகச் சுற்றி முடித்து, வேட்டி மாற்றி, ஒரு தூணில் சாய்ந்தேன். கோபுரம் சுற்றுகிறது. நந்தி சுற்றுகிறது. கற்கண்டைக் கடித்துக்கொண்டே புது ஊசியை எடுத்தால், கை தந்தி அடிக்கிறது. குழாயைப் பிடித்தால் ஊசி நழுவுகிறது. ஊசியைப் பிடித்தால் குழாய் நழுவுகிறது. டாக்டர் கொடுத்த நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது.

"நீயே குத்திடேன்" என்றேன்.

கையை நீட்டியவள், சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் உக்காருங்க. தலை சுத்தறது நிக்கட்டும். நீங்களே போட்டுக்குங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் குத்தியவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டேன்.

அவள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொத நாளு ஊசி போட்டேன் பாருங்க, அன்னிக்கே வேண்டிக்கிட்டேன். என் கையால உங்களைக் குத்தற வேலை ஒரு நாள் நிக்கணும்னு. இப்பதான் நின்னிருக்குது. மறுபடி தொட வைக்காதீங்க."

அப்படியானால் தினமும் அடுக்களைக்கு ஓடியது?

பால் பொங்குகிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடி அண்ணாமலையாரை நினைத்தேன். சுற்றுவது நின்றது. கை நிதானப்பட்டது. நானே குத்திக்கொண்டேன். மெஷின் கத்தலை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. டாக்டர் கொடுத்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. சரோஜா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் பையை என் இடுப்பில் சரியாகக் கட்டிவிட்டாள்.

வெளியே வரும்போது, மெதுவாகக் கேட்டேன். "நின்னா என்ன செய்யறதா வேண்டிக்கிட்டே?"

"உங்களுக்கு மொட்டை போடறதா."

இதை எழுதும்போது மண்டையில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது. தாய்மார்களே, தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள்... தலை யாருடையதோ, அவர் காதில் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டுவையுங்கள்.